அங்க அடையாளம்

பன்னக்காவின் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று போன் வந்தபோது, அவள் பேக்கரியில் ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பாதிப் பெயரில் கை நின்றுவிட்டது. மீதியை முதலாளிதான் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தார். கேக் வாங்க வந்தவர் நல்ல மனுஷர், ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். பேக்கரி பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்ததால், பன் வாங்க வரும் பிள்ளைகள் வைத்த பெயர்தான் பன்னக்கா. இப்போது தெருவுக்கே அவள் பன்னக்காதான்.

அவள் புருஷன் ஆம்புலன்ஸ் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைத்தெருவில் கூடிய கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டபோது, அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்குமாக ஓட்டிக்கொண்டே இருந்தவர். ஏதோ ஒரு நடையில் அவரை மறித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் பாலத்தின் மேல் வண்டி மட்டும் நின்றது. கதவு திறந்து கிடக்க, மேலே சிவப்பு விளக்கு அப்போதும் சுற்றிக்கொண்டிருந்ததாம். போலீஸைக் கேட்டால் ராணுவத்தைக் கேள் என்றார்கள், ராணுவத்தைக் கேட்டால் போலீஸைக் கேள் என்றார்கள். ஒரு பெரிய அதிகாரி, அப்படி ஒரு டிரைவரே கிடையாது என்று கூசாமல் சொன்னார். சம்பளம் கொடுத்த ஆஸ்பத்திரி இருக்கிறது, பெற்ற மகள் இருக்கிறாள், ஆள் மட்டும் பிறக்கவே இல்லையாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

சொல்வதற்கு ஓர் இடம் இருந்தது. இந்த ராணுவத்துக்கு ஹெலிகாப்டரும் துப்பாக்கியும் பயிற்சியும் வருஷாவருஷம் இனாமாகக் கொடுப்பது கடல் தாண்டியிருக்கும் ஒரு பெரிய நாடு. தாங்கள் கொடுக்கிற துப்பாக்கி யாரைச் சுடுகிறது என்று அங்கே யாருக்கோ உறுத்தியிருக்கிறது. ஆட்களைக் காணாமல் ஆக்குகிற ராணுவத்துக்கு ஒரு திருகாணிகூடக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். காணாமல் போனவர்களுக்குப் பதில் சொன்னால்தான் இனி ஹெலிகாப்டர் என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு, இந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக அந்த நாட்டுத் தூதரகத்துக்கு மனு எழுதினார்கள். பன்னக்காவும் எழுதினாள். பேக்கரிக்கு முட்டை கொண்டுவந்து போடும் முட்டையம்மாவும் எழுதினாள். புருஷனை இழந்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள் முட்டையம்மா. அந்தப் பிள்ளையையும் அதே வாரத்தில்தான் கொண்டுபோயிருந்தார்கள்.

அத்தனை மனுக்களில் பன்னக்காவின் மனுவுக்குத்தான் யோகம் அடித்தது. அந்த நாட்டுச் சபையில் ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, ஆம்புலன்ஸ் டிரைவர் எங்கே என்று கேட்டார். ரேடியோ, டிவி எல்லாவற்றிலும் அதுதான் பேச்சு. அன்றிலிருந்து இங்கே பிறக்கவே பிறக்காத டிரைவர் திடீரென்று பிறந்துவிட்டார். விசாரணை நடக்கிறது என்றார் மந்திரி. இப்போது இந்தப் போன்.

போன் செய்த அதிகாரி சாயங்காலம் நேரிலேயே வந்தார். மடிப்பு கலையாத சட்டை. பன்னக்கா மனசுக்குள் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டாள். வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார்கள், அவர்கள் முன்னிலையில் உங்கள் கணவரை ஒப்படைக்கிறோம், நீங்கள் அடையாளம் காட்டிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னார். ரொம்ப நாள் உள்ளே இருந்தவர், மெலிந்திருப்பார், ஆளே மாறியிருப்பார், பார்த்து அதிர்ச்சி அடையக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். போனில் ஒரு வார்த்தை பேசலாமா என்று பன்னக்கா கேட்டதற்கு, நாளைக்கு நேரிலேயே பார்க்கப் போகிறீர்களே என்று சிரித்தார்.

அன்று வீட்டில் ஒருத்தருக்கும் கை கால் ஓடவில்லை. எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்து அழுத அழுகையில் பக்கத்து வீட்டக்கா யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளும் சேர்ந்து அழுதாள், அப்புறம் எல்லோருமாகச் சிரித்தார்கள். பன்னக்கா புருஷனுடைய நீலச் சட்டையைத் தேய்த்து வைத்தாள். மகளுக்கு ஒரே கவலை, தான் இவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டதால் அப்பாவுக்குத் தன்னை அடையாளம் தெரியுமா என்று. தெரியாமல் என்ன, நீ அவர் மூக்கைத்தானே வைத்துக்கொண்டு சுற்றுகிறாய் என்று பன்னக்கா அவள் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். அந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்கப்புறம் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் அரசு விருந்தினர் மாளிகை வாசலிலேயே கொழுந்தனை நிறுத்திவிட்டார்கள். மனைவி மட்டும் போதுமாம். இஸ்திரி அவளை ஒரு குளிர்ந்த அறைக்குக் கூட்டிப்போய், வெளிநாட்டம்மா வருவதற்கு முன்னால் நீங்கள் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், அழுவதென்றால் அழுதுகொள்ளுங்கள் என்று கதவைச் சாத்தினார். சோபா, பிளாஸ்டிக் பூ, தண்ணீர் பாட்டில். அழுவதற்கு டிஷ்யூ பெட்டிகூட வைத்திருந்தார்கள்.

சோபாவிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். தொளதொளவென்று சட்டை, ஒட்டிய கன்னம், மழித்த தலை. பன்னக்கா அவரைத் தாண்டிப் பார்த்தாள். பின்னால் இன்னொரு கதவு இருக்கும், அதன் வழியாகத் தன் ஆள் வருவார் என்று பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எங்க அவரு?" என்றாள்.

அந்த மனிதர் கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நான்தாம்மா அவருன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க," என்றார், குரல் வெளியே போகாதபடி.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ அறை மாறி வந்துவிட்டோம் என்றே நினைத்தாள். கதவுப் பக்கம் திரும்பப் போனவளிடம் அவர் அவசரமாகப் பேசினார். மகள் பிறந்த கதையைச் சொன்னார். பிரசவ வலி எடுத்தபோது அவளை அவள் புருஷனே ஆம்புலன்ஸில் படுக்கவைத்து, சைரன் போட்டுக்கொண்டு போய், பதற்றத்தில் தான் தினமும் போகிற ஆஸ்பத்திரிக்கே வழி தப்பி ஊரைச் சுற்றின கதை. அது அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த மானக்கேடு. வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன் என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே அறைல இருந்தோம்மா. தினம் ஒரு தடவையாவது அந்தக் கதையைச் சொல்லுவாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"போன மழைல காய்ச்சல் கண்டுச்சு. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினோம், யாரும் வரல. என் பக்கத்துலதான் படுத்திருந்தாரு. காலைல எழுப்பினேன், எழுந்திருக்கல."

பன்னக்கா உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. நேற்று தேய்த்த நீலச் சட்டை பையில் மடியிலேயே இருந்தது, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் செத்து இவ்வளவு நாளாகியிருக்கிறது, நான் தினமும் பன் விற்றிருக்கிறேன், கேக்கில் பூப் போட்டிருக்கிறேன், ராத்திரி கதவைத் தாழ்போடாமல் காத்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்ட, வாங்குவதற்காக நிமிர்ந்தவள் அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு வெட்டு. ஆறியும் ஆறாமலும் சிவந்திருந்தது. தையல் பிரித்த புள்ளிகள்கூடத் தெரிந்தன.

அந்தத் தழும்பு அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மனு எழுதப் போனபோது, கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர், அங்க அடையாளம் என்ன என்று கேட்டார். அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். மச்சம்கூடச் சொல்லும்படியாக ஒன்றும் இல்லாத உடம்பு அவருடையது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் மனுவைத் திருப்பிவிடுவார்கள் அம்மா, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லி, 'இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு' என்று அவரே எழுதிவிட்டார். ஒன்றும் தோன்றாதவர்களுக்கெல்லாம் அவர் அதைத்தான் எழுதுவாராம். ஒப்புக்கு எழுதின ஒரு வரி. அதை அவள் அன்றைக்கே மறந்துபோனாள்.

"இது எப்படி ஆச்சு?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டாள்.

"உள்ளேயே ஒரு டாக்டர் இருக்காரு. மரத்துப்போற ஊசி போட்டுத்தான் செஞ்சாரு," என்றார் அவர், அந்த டாக்டருக்கு வக்காலத்து வாங்குவதுபோல.

"அவருக்குத் தழும்பே கிடையாது."

"தெரியும்மா. நானும் சொன்னேன், கூடவே இருந்தவன் நான், அவருக்குப் புருவத்துல ஒண்ணும் இல்லையேன்னு. ஃபைல்ல இருக்கு, வாயை மூடுன்னாங்க."

அட பாவிகளா. காய்ச்சலில் கிடந்தவனுக்கு வராத டாக்டர், இல்லாத தழும்பைப் போட வந்திருக்கிறான். செத்தவன் முகம் பொய், ஃபைல் மெய். இந்த மனிதரின் முகத்தில் கத்தி வைத்தது தன் மனுதான் என்ற நினைப்பைப் பன்னக்காவால் தாங்க முடியவில்லை. அவர் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி, குடிக்காமல் அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

அவர் ஒரு பிளம்பர். ராணுவக் குடியிருப்பில் குழாய் ரிப்பேர் செய்யப்போனபோது பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்டார், அவ்வளவுதான். வீடு எங்கோ வடக்குக் கோடியில். மனைவிக்கு எழுதப்படிக்கத் தெரியாது, அவர் பேரில் யாரும் மனுப் போடவில்லை. அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டிரைவர் பெண்டாட்டியை ஒப்புக்கொள்ள வைத்தால் நீ வெளியே போகலாம், அந்த டிரைவர் பேரில் எங்கேயாவது பிழைத்துக்கொள் என்றார்களாம்.

"நான் இல்லன்னு சொன்னா?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "உங்க இஷ்டம்மா. உங்க வீட்டுக்காரர் விஷயம். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

கதவு திறந்தது. இஸ்திரி முதலில், அவருக்குப் பின்னால் வெளிநாட்டம்மா, கூடவே மொழிபெயர்க்க ஓர் இளம்பெண். வெளிநாட்டம்மாவுக்கு நல்ல முகம். தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பன்னக்காவின் கையைப் பிடித்து, உங்கள் மனு என் மேஜையில் ஒரு வருஷம் இருந்தது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன் என்று அந்தப் பெண் மூலமாகச் சொன்னாள். ஃபைலைத் திறந்தாள். அதில் இருந்த போட்டோ நகலுக்கு நகல் எடுத்துக் கறுத்துப்போன ஒன்று. இந்த உலகத்தில் எந்த ஆண்பிள்ளையையும் அதில் பார்க்கலாம். அவள் அந்த வரியை வாசித்து, பிளம்பரின் புருவத்தைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு கேட்டாள், பயப்படாமல் சொல்லுங்கள், இவர் உங்கள் கணவர்தானா?

பயப்படாமல் சொல்ல வேண்டுமாம், இஸ்திரியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு.

ஆமாம் அல்லது இல்லை. அந்தம்மாவின் காகிதத்தில் இரண்டே கட்டம்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் ஹெலிகாப்டர் வராது. புருஷனைக் கொன்றவர்கள் முகத்தில் கரி பூசலாம். பன்னக்காவுக்கு அந்த ஆசை தொண்டை வரைக்கும் வந்தது, கத்த வேண்டும் என்று இருந்தது. ஆனால் இந்தம்மா சாயங்காலம் விமானம் ஏறிவிடுவாள். இந்தப் பிளம்பர் எங்கே போவார்? அவர் டிரைவரும் இல்லை, யார் மனுவிலும் இல்லாதவர். அவரைத் தொலைத்தால் தேட நாதி கிடையாது. ஆமாம் என்று சொன்னாலோ, தன் புருஷன் செத்ததாகவே இராது. உடம்பைக் கொடு என்று இனி ஜென்மத்துக்கும் கேட்க முடியாது.

பிளம்பர் தலை நிமிரவில்லை. புருவத்துத் தழும்பிலிருந்து லேசாக நீர் கசிந்திருந்தது. அவர் அதைத் துடைக்கவும் பயந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க," என்றாள் பன்னக்கா. "எங்க வீட்டுக்காரர்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெளிநாட்டம்மாவும் அழுதாள். எங்கள் சட்டத்தால் ஒரு குடும்பமாவது ஒன்று சேர்ந்தது, இதை நான் மறக்கவே மாட்டேன் என்று அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பு நிஜமானது, அதுதான் பன்னக்காவுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. மொழிபெயர்த்த பெண் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார்.

வாசலில் நின்ற கொழுந்தன் ஓடிவந்தவன், பத்தடி தூரத்தில் பேயறைந்தவன்போல நின்றுவிட்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் பன்னக்கா போய் அவன் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"உங்க அண்ணன்தான். நடக்க முடியல, பிடிச்சுக்குங்க."

அவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, போய் அந்தப் புது மனிதரைக் கட்டிக்கொண்டு "அண்ணா" என்று கதறினான். அந்தக் கதறலில் நடிப்பு ஒரு துளியும் இல்லை.

இஸ்திரியின் காரே வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டது. தெருவே கூடியிருந்தது. கார்க் கதவு திறந்து பிளம்பர் இறங்கியதும் அத்தனை பேரும் ஊமையாகிவிட்டார்கள். இந்தத் தெருவில் பன்னக்காவின் புருஷனைத் தெரியாத சிறுபிள்ளை கிடையாது. பக்கத்து வீட்டக்கா அவரைப் பார்த்தாள், பன்னக்காவைப் பார்த்தாள், காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த இஸ்திரியைப் பார்த்தாள். பிறகு காருக்குள் கேட்கும்படி உரக்கச் சொன்னாள், "வாங்க தம்பி. எவ்ளோ இளைச்சுப் போயிட்டீங்க." அடுத்து ஒருவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கடுத்து இன்னொருவர். கார் போகும்வரைக்கும் குலுக்கினார்கள். போனதும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

மகள் மட்டும் நடிக்கவில்லை. ஓடிவந்தவள் நிலைப்படியிலேயே நின்று, திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே போய் அவளிடம் நடந்ததைச் சொன்னதுதான் பன்னக்கா தன் வாழ்நாளில் பட்ட ஆகப் பெரிய பாடு. பிள்ளை கத்தவில்லை. அப்பா மூக்கை என்ன செய்தார்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

பிளம்பருக்குக் கூடத்தின் மூலையில் பாய் போட்டார்கள். படு என்றாலும் படுக்கவில்லை, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் முட்டையம்மா வந்தாள். வரும்போதே முகம் பூரித்திருந்தது. புதுப் புடவை கட்டியிருந்தாள்.

"எனக்கும் போன் வந்துச்சுடி," என்றாள் பன்னக்காவின் கன்னத்தைத் தடவி. "நாளைக்குக் காலைல வரச் சொல்லிட்டாங்க. எம் புள்ளையும் இருக்கானாம்."

கொழுந்தன் எழுந்து கதவைச் சாத்தினான். முட்டையம்மா அப்போதுதான் மூலையில் இருந்தவரைக் கவனித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவளின் சிரிப்பு அப்படியே உறைந்தது. பன்னக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மழைக் காய்ச்சலைச் சொன்னாள், ஃபைலைச் சொன்னாள், மரத்துப்போகிற ஊசியைச் சொன்னாள். வெளிநாட்டம்மாவிடம் சொன்ன பொய்யை இவளிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

முட்டையம்மா பிளம்பரைக் கேட்டாள், "எம் புள்ளைய உள்ள பாத்தீங்களா தம்பி? சின்ன வயசுல சைக்கிள்லேருந்து விழுந்து வலது கால் குட்டையாயிடுச்சு. சாஞ்சு சாஞ்சு நடப்பான்."

"பாக்கலம்மா," என்றார் அவர். சொல்லிவிட்டு ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மனுவுலயும் அதைத்தான் எழுதினோம். வலது கால்னு." அவள் குரல் தேய்ந்தது. "ஏதோ தெரியும் உங்களுக்கு. சொல்லுங்க."

அவர் பன்னக்காவைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று அவள் தலையசைத்தாள்.

"எங்க வரிசைல ஒரு பையன் இருக்கான். போன வாரம் அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வலது கால்ல மாவுக்கட்டோட தூக்கிட்டு வந்தாங்க. ஓடப் பாத்தான், விழுந்துட்டான்னு சொன்னாங்க. நாங்களும் நம்பிட்டோம்மா."

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பன்னக்கா முட்டையம்மாவைப் பிடிக்கப் போனாள். ஆனால் அவள் விழவில்லை.

"என் புள்ள இருந்திருந்தா அவனையே அனுப்பியிருப்பாங்க, இல்ல?" என்றாள். புதுப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் தெருவுக்குக் கேட்காமல் அழுதாள். பன்னக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். இரண்டு வருஷமாக இருவரும் ஒருத்திக்கொருத்தி தைரியம் சொல்லியே காலத்தை ஓட்டியவர்கள். இன்றைக்கு இருவரிடமும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அழுது ஓய்ந்தபின் முட்டையம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பையனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"இருபது இருக்கும்மா."

"அம்மா இருக்காங்களா அவனுக்கு?"

"தெரியலம்மா. யாரோடயும் பேச மாட்டான். கால் வலில ராத்திரி பூரா முனகிட்டே இருப்பான்."

முட்டையம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள்:

"தம்பி, நாளைக்கு ஆட்டோ சொல்லியிருந்தேன், அது வேணாம். கட்டுப் போட்ட கால், நீட்டிக்க இடம் வேணும். தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது பெரிய காரா ஒண்ணு சொல்லிடு."